கஞ்சாச் செய்கையும் மலைநாட்டின் ஈரக்காற்றும்

அந்நியச் செலாவணி நெருக்கடி நாட்டைச் சூழ்ந்த காலந்தொட்டு, கஞ்சாச் செய்கையை ஏற்றுமதிப் பயிராக அனுமதிக்க வேண்டும் என்னும் குரல் இலங்கை அரசியல் அரங்கில் அவ்வப்போது ஒலித்து வருகின்றது. அப்போதைய இராஜாங்க அமைச்சர் டயனா கமகே பாராளுமன்றத்திலும் வெளியிலும் இக்கருத்தை வலியுறுத்தி வந்தார். 2022 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட 2023 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத்திட்ட உரையில், ஏற்றுமதிக்கான கஞ்சாச் செய்கை குறித்து ஆராய நிபுணர் குழுவொன்றை அமைக்கும் யோசனையை ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க முன்வைத்தார். 2025 ஆகஸ்டில், ஏற்றுமதிக்கு மாத்திரம் என்ற நிபந்தனையுடன் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் எழுவருக்கு அனுமதி வழங்கப்பட்டிருப்பதாகவும், மீரிகம முதலீட்டு வலயத்தில் இச்செய்கை இடம்பெறும் எனவும் அறிவிக்கப்பட்டது.

இத்தகைய அறிவிப்பு வெளியாகும் ஒவ்வொரு வேளையிலும் மலையகத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பே. தேயிலையின் வருமானம் தேய்ந்து, காடேறிக் கிடக்கும் தோட்டக் காணிகள் பெருகிவரும் நுவரெலியா மாவட்டத்தில், குறிப்பாக வலப்பனை போன்ற பகுதிகளில், இப்பயிர் எதிர்காலத்தில் ஒரு மாற்றுவழியாக அமையுமா என்பதே அக்கேள்வி. இதற்கான விடையைச் சட்டத்திலும் சந்தையிலும் தேடுவோர் பலர். மலைநாட்டின் காலநிலையிடம் அதனைக் கேட்போர் மிகச் சிலரே.

தாவரத்தின் இயல்பு

கஞ்சா ஓராண்டுப் பயிராகும். ஆண் பூக்களும் பெண் பூக்களும் தனித்தனிச் செடிகளில் தோன்றுகின்றன. காற்றின் மூலமே மகரந்தச் சேர்க்கை நிகழ்கின்றது. மருத்துவத்துக்கும் போதைக்கும் வேண்டப்படும் பிசின் பெரும்பாலும் பெண் பூங்கொத்துக்களிலேயே சுரக்கின்றது. போதையூட்டும் டி.எச்.சி., போதையூட்டாத சி.பி.டி. ஆகிய இரு சேர்மங்களும் அப்பிசினிலேயே அடங்கியுள்ளன. நாருக்காகவும் விதைக்காகவும் வளர்க்கப்படும் சணல் வகையும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். எனினும் அதில் டி.எச்.சி. அளவு மிகக் குறைவாகும்.

இத்தாவரத்தின் பூத்தல் பகற்பொழுதின் நீளத்தைப் பொறுத்தது. பகல் குறுகி இரவு நீளும் காலத்தில் அது பூக்கின்றது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் கோடையின் நீண்ட பகலில் செழித்து வளர்ந்து, இலையுதிர்காலத்தில் பூக்குமாறு தெரிவு செய்யப்பட்ட வர்க்கங்களே இன்று உலகச் சந்தையில் பெரிதும் பேசப்படுகின்றன. ஆனால், வட அகலாங்கு 7 பாகையை அண்டி அமைந்துள்ள வலப்பனையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு ஏறக்குறைய 50 நிமிடங்கள் மாத்திரமே. எனவே அவ்வர்க்கங்கள் இங்கு உரிய வளர்ச்சியை எட்டுமுன்னரே பூத்துவிடும். வெளிநாட்டு விதையைக் கொண்டுவந்து மலைச்சரிவில் ஊன்றினால் வெளிநாட்டு விளைச்சல் கிடைத்துவிடும் என்பது இதனால் மாத்திரமே கேள்விக்குரியதாகின்றது.

ஈரப்பதன் என்னும் தடை

இதனினும் பாரிய தடை ஈரப்பதனாகும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை செல்சியஸ் ஆகும். மூடுபனியும் தூறலும் நாட்கணக்கில் நீடிக்கும் மாதங்கள் அங்குண்டு. உலகெங்கும் கஞ்சாச் செய்கையாளர்கள் அஞ்சும் நோய்களுள் முதன்மையானது, 'பொட்றைற்றிஸ்' என்னும் பங்கசு ஏற்படுத்தும் சாம்பல் பூஞ்சணமாகும். திராட்சையையும் ஸ்ரோபரியையும் அழுகச் செய்வதும் இதே பங்கசுதான். குளிர்ந்த, ஈரமான, காற்றோட்டம் குன்றிய சூழலே அதற்கு உகந்தது. நெருக்கமாக அடர்ந்த பூங்கொத்தினுள் தேங்கும் ஈரத்தில் அது உள்ளிருந்து பரவுகின்றது. வெளியே பசுமையாகத் தோன்றும் பூங்கொத்து உள்ளே பழுப்பேறி அழுகியிருக்கும். தூள் பூஞ்சணமும், வேரழுகலை உண்டாக்கும் பங்கசுகளும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன.

அறுவடையின் பின்னரும் இடர் நீங்குவதில்லை. ஈரக்காற்றில் சரிவர உலராத பூக்களில் 'அஸ்பெர்ஜில்லஸ்' போன்ற பங்கசுகள் வளரக்கூடும். நோயெதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு இவை உயிராபத்தை விளைவிக்கக் கூடியவை. மருத்துவ ஏற்றுமதிச் சந்தைகளில் ஒவ்வொரு தொகுதியும் பங்கசு, நச்சுப்பொருள், பார உலோகம், பீடைநாசினி எச்சம் ஆகியவற்றுக்காகப் பரிசோதிக்கப்படுவது இதனாலேயே ஆகும். பூஞ்சணத்தைத் தடுக்க மருந்து தெளித்தால் எச்சம் காரணமாகவும், தெளிக்காவிடின் பூஞ்சணம் காரணமாகவும் சரக்கு நிராகரிக்கப்படலாம். ஈரவலயத்தில் திறந்த வெளிச் செய்கை எதிர்கொள்ளும் இக்கட்டு இதுவாகும்.

ஈரமான நாடுகளில் கஞ்சா விளையவே இல்லையா என்று சிலர் வினவலாம். விளைந்தது. அதற்குத் தக்க சான்று, இன்றைய பங்களாதேஷில் உள்ள நௌகாவ் பகுதியாகும். பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் அரசின் அனுமதியுடன் அங்கு கஞ்சா பயிரிடப்பட்டது. 1893 - 94 காலப்பகுதியில் விசாரணை நடத்திய இந்தியக் கஞ்சா ஆணைக்குழு அச்செய்கையை விரிவாகப் பதிவு செய்துள்ளது. வங்காளத்தின் கடும் மழை ஓயும் தறுவாயில் நாற்று நடப்பட்டு, பனிக்கால வறட்சியில் பூத்து, மாசிக்கு முன்பின்னாக அறுவடையாவது அங்கு வழக்கமாக இருந்தது. அதாவது, மழையும் பூவும் சந்திக்காதவாறு காலத்தைப் பிரித்துவைத்தே அவ்விவசாயிகள் பயிர் செய்தனர். நீண்ட வறட்சிக்காலம் ஒன்று அவர்களுக்கு உறுதியாகக் கிடைத்தது. அச்செய்கையும் 1980 களில் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது.

வலப்பனையின் நிலை

வலப்பனை இவ்விடயத்தில் தனித்துவமான அமைவிடத்தைக் கொண்டது. இராகலை, உடப்புசல்லாவ போன்ற உயர்ந்த தேயிலை மலைகளிலிருந்து மகாவலி, உமா ஓயாப் பள்ளத்தாக்குகளை நோக்கி இப்பிரதேசம் செங்குத்தாக இறங்குகின்றது. மேலே குளிரும் மூடுபனியும். கீழே வெப்பமும் வயலும். இலங்கைத் தேயிலையின் ஏழு பிராந்தியங்களுள் ஒன்றாக உடப்புசல்லாவ தனித்துப் பெயர் பெற்றமைக்கும் இக்காலநிலையே காரணமாகும். மேற்குச் சரிவிலுள்ள ஹட்டனும் தலவாக்கலையும் தென்மேற்குப் பருவமழையில் நனையும்போது, கிழக்கு நோக்கிய இம்மலைகளில் உலர்ந்த காற்று வீசும். ஜூலை முதல் செப்டெம்பர் வரையான அக்காலத்திலேயே இங்கு தரமான தேயிலை கிடைக்கின்றது. ஒக்டோபரின் பின்னர் இடைப்பருவ மழையும் வடகீழ்ப் பருவமழையும் தொடர்ந்து வந்து மலைகளை ஊறச் செய்கின்றன.

ஆகவே, ஹட்டனை விட வலப்பனைக்கு ஓரளவு உலர்காலம் உண்டு என்பது உண்மையே. ஆனால் அதனை மாத்திரம் நம்பிப் பயிரிட முடியுமா என்பதற்கு நாட்டின் சட்டவிரோதச் செய்கையே மறைமுகமாக விடையளிக்கின்றது. பொலிஸாரும் விசேட அதிரடிப்படையினரும் காலங்காலமாகக் கஞ்சாச் சேனைகளை முற்றுகையிடும் இடங்கள் எவை? தணமல்வில, வெல்லவாய, சியம்பலாண்டுவ, எம்பிலிப்பிட்டிய என அவை பெரும்பாலும் தென்கிழக்கு உலர்வலயக் காடுகளே. மறைவிடம் வேண்டும் என்பது ஒரு காரணம். ஆனால் மறைவிடங்களுக்கு மலைநாட்டிலும் குறைவில்லை. வெயிலும் உலர்ந்த காற்றும் அங்கேதான் உள்ளன என்பது மற்றைய காரணமாகும்.

மலை கற்பித்த பாடங்கள்

ஈரக்காற்றில் பரவும் பங்கசு, ஒரு சமூகத்தின் வரலாற்றையே மாற்றியமைத்த பூமி இது. இன்றைய மலையகத் தமிழரின் முன்னோர் தமிழகத்திலிருந்து முதலில் கொண்டுவரப்பட்டது தேயிலைக்காக அல்ல; கோப்பிக்காகவே ஆகும். 1869 இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் அவதானிக்கப்பட்டன. அதுவே 'ஹெமிலியா வஸ்ராட்றிக்ஸ்' எனப் பெயரிடப்பட்ட கோப்பித் துரு நோயாகும். 1880 இல் இலங்கை வந்து அதனை ஆராய்ந்த மார்ஷல் வார்ட், இலையின் மேற்பரப்பில் நீர் நிற்கும்போதே அதன் வித்திகள் முளைக்கின்றன என்பதைக் காட்டினார். அறிவு கிடைத்தது, பயிர் மீளவில்லை. இலட்சக்கணக்கான ஏக்கரில் பரந்திருந்த கோப்பி, சுமார் இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ அற்றுப்போனது.

அடுத்து வந்தது சிங்கோனா. காய்ச்சலுக்கான குயினைன் மருந்து இதன் பட்டையிலிருந்து எடுக்கப்பட்டது. ஹக்கலைத் தாவரவியற் பூங்கா 1861 இல் ஆரம்பிக்கப்பட்டது இம்மரத்துக்காகவே ஆகும். கோப்பி வீழ்ந்தபோது தோட்டத்துரைமார் சிங்கோனாவை நோக்கி விரைந்தனர். 1880 களின் நடுப்பகுதியில் ஆண்டொன்றுக்குச் சுமார் ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை ஏற்றுமதியானது. அதனாலேயே விலை சரிந்தது. யாவாத் தீவின் உயர்தரப் பட்டையும் சந்தைக்கு வரவே, சிங்கோனா மரங்கள் பிடுங்கப்பட்டுத் தேயிலை நடப்பட்டது. மலைநாட்டுக்கு மருந்துப் பயிர் ஒன்று பெருஞ்செல்வம் தரும் எனச் சொல்லப்படுவது இது முதற்றடவையல்ல என்பதை இன்றைய திட்டமிடுவோர் மனங்கொள்ளல் வேண்டும்.

தேயிலையும் பங்கசிடமிருந்து தப்பவில்லை. 1946 இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியது. மூடுபனியும் வெயிற்குறைவும் உள்ள நாட்களில் அது பரவி, பறிக்கப்பட வேண்டிய இளங்கொழுந்தையே சிதைக்கின்றது. தலவாக்கலை சென். கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் வழிகாட்டலில் செப்பு மருந்து தெளித்தல், பருவமழைக்கு முன்னர் நிழல் மரங்களின் கிளைகளை வெட்டி வெயிலை உள்ளே விடுதல், பறிப்புச் சுற்றை ஒழுங்காகப் பேணுதல், எதிர்ப்புள்ள வர்க்கங்களை நடுதல் என்பவற்றால் இந்நோய் கட்டுப்படுத்தப்பட்டு வருகின்றது.

இங்கு ஓர் அடிப்படை வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தேயிலைச் செடி பல்லாண்டுப் பயிர். இந்த வாரம் கெட்ட கொழுந்துக்குப் பதிலாக அடுத்த வாரம் புதுக் கொழுந்து துளிர்க்கும். கவ்வாத்து வெட்டினால் மீண்டும் தழைக்கும். கஞ்சாவோ ஓர் அறுவடைக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் பயிர். அறுவடைக்கு முந்திய ஒரு வார மழை அந்த முழுக் காத்திருப்பையும் பயனற்றதாக்கிவிடும். நட்டத்தைத் தாங்கும் மூலதனம் உள்ளவருக்கே அத்தகைய பயிர் பொருந்தும். நாட்சம்பளத்தை நம்பியிருக்கும் தோட்டத் தொழிலாளிக்கும், தவணைக் கடனில் மரக்கறி பயிரிடும் சிறு விவசாயிக்கும் அது பொருந்தாது.

மண்ணும் மலைச்சரிவும்

மற்றுமோர் ஆபத்தும் உண்டு. நெருக்கமாக நடப்பட்ட தேயிலை, சரிவான மண்ணைப் பற்றிப் பிடித்திருக்கின்றது. அதனை அகற்றி ஆண்டுதோறும் கொத்திப் புரட்டும் பயிரொன்றை நட்டால் மழைக்காலத்தில் மண் வெறுமையாக நிற்கும். உருளைக்கிழங்கும் மரக்கறியும் செய்யப்படும் சரிவுகளில் மண்ணரிப்பு எத்தகையது என்பதை நுவரெலியா மாவட்டம் நன்கறியும். மண் பாதுகாப்புச் சட்டம் 1951 இலேயே நிறைவேற்றப்பட்ட நாடு இது. ஆயினும் 2007 ஜனவரியில் வலப்பனை, ஹங்குராங்கெத்த பகுதிகளில் மண்சரிவு உயிர்களைக் காவுகொண்டது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளியோடு வந்த பெருமழை மலைநாடெங்கும் விளைவித்த அழிவு இன்னும் நெஞ்சை விட்டகலவில்லை. இத்தகைய சரிவுகளில் எந்தப் புதிய பயிரை நடுவதாயினும் முதலில் மண்ணின் உறுதியே ஆராயப்பட வேண்டும்.

சட்டமும் மருத்துவத் தேவையும்

1929 ஆம் ஆண்டின் நச்சு, அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச்சட்டமும், 1984 இல் அதற்குக் கொண்டுவரப்பட்ட திருத்தமும் அனுமதியின்றிக் கஞ்சாவைப் பயிரிடுவதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்கியுள்ளன. ஏற்றுமதி பற்றிய அறிவிப்புகளால் இச்சட்டம் தளர்ந்துவிட்டதாக எவரும் எண்ணுதல் கூடாது. வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் ஒரு செடியும் சட்டத்தின் முன் குற்றமே ஆகும். முதலீட்டாளருக்கு அனுமதிப்பத்திரம் உண்டு. லயன் வீட்டு இளைஞனுக்கு அது இல்லை. இவ்வேறுபாடு தெளிவாக எடுத்துரைக்கப்படாவிடின், அதற்கான விலையை அந்த இளைஞனின் குடும்பமே செலுத்த நேரிடும்.

அதேவேளை, மருத்துவத் தேவையை மறுப்பதற்கில்லை. ஆயுர்வேதத்தில் மதன மோதகம் உள்ளிட்ட சில தயாரிப்புகளுக்குக் கஞ்சா பயன்படுத்தப்படுகின்றது. வழக்குகளில் கைப்பற்றப்பட்டு, நீதிமன்ற நடவடிக்கை முடிந்த பின்னர் கையளிக்கப்படும் பழைய சரக்கே நெடுங்காலமாக இதற்குக் கிடைத்து வந்தது. ஆண்டுகள் கழிந்து வரும் அச்சரக்கின் வீரியம் குன்றியிருப்பதாக வைத்தியர்கள் முறையிட்டனர். இதன் பின்னணியில் 2017 இல் இங்கிரியவில் அரசின் கட்டுப்பாட்டில் செய்கை மேற்கொள்ளும் திட்டமொன்றை அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன அறிவித்திருந்தார்.

சர்வதேச நிலையும் மாறியுள்ளது. 2020 டிசெம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு, 1961 ஆம் ஆண்டின் தனிச் சமவாயத்தின் நான்காம் அட்டவணையிலிருந்து கஞ்சாவை நீக்கியது. ஆதரவாக 27 வாக்குகளும் எதிராக 25 வாக்குகளும் கிடைத்தன. இதன் பொருள் கஞ்சா கட்டுப்பாடற்றதாகி விட்டது என்பதன்று. அது இன்றும் முதலாம் அட்டவணையில் உள்ளது. மருத்துவத்துக்காகப் பயிரிடும் நாடு அரச முகவர் நிலையம் ஒன்றின் வழியாகவே அதனைக் கட்டுப்படுத்த வேண்டும் எனச் சமவாயம் விதிக்கின்றது.

சந்தையின் எச்சரிக்கை

நமது காலநிலையை ஒத்த தாய்லாந்தின் அனுபவமும் கவனத்திற்குரியது. 2022 ஜூன் 9 ஆம் திகதி அந்நாடு கஞ்சாவைப் போதைப்பொருட் பட்டியலிலிருந்து நீக்கியது. விவசாயிகள் பெருநம்பிக்கையுடன் பயிரிட்டனர். குறுகிய காலத்திலேயே உற்பத்தி மிகுந்து விலை வீழ்ந்தது. வெளிநாட்டுச் சரக்கும் உள்ளே நுழைந்தது. சிறு விவசாயிகள் பின்தள்ளப்பட்டனர். 2025 ஜூனில் மருத்துவச் சிட்டையின்றிக் கஞ்சாப் பூ விற்பனை செய்வதை அந்நாடு மீண்டும் கட்டுப்படுத்தியது. சிங்கோனாவுக்கு நேர்ந்தது இன்னொரு நூற்றாண்டில் இன்னொரு பயிருக்கு நேர்ந்துள்ளது.

ஈரப்பதனைத் தவிர்க்க மூடிய கூடங்களில் வளர்க்கலாமே என்பர். வளர்க்கலாம். பாதுகாப்புக் கருதியும் தரங் கருதியும் அனுமதி பெற்ற மருத்துவச் செய்கைகள் உலகில் பெரிதும் அவ்வாறே நடைபெறுகின்றன. ஆனால் கூடமும் குளிரூட்டியும் ஈரமகற்றும் இயந்திரமும் வந்துவிட்ட பின்னர், மலைநாட்டின் மண்ணுக்கும் காலநிலைக்கும் அதில் என்ன பங்கு? அது எங்கும் அமையக்கூடிய ஒரு தொழிற்சாலையாகிவிடுகின்றது. அதன் இலாபம் மூலதனம் இட்டவருக்கும், ஒரு சில வேலைவாய்ப்புகள் அயலவருக்கும் உரியன.

செய்ய வேண்டியவை

ஆயுர்வேதத்துக்கும் ஆராய்ச்சிக்கும் தேவையான அளவைக் கண்டிப்பான அரச கண்காணிப்பில் உற்பத்தி செய்வது பற்றி நிபுணர்கள் முடிவு செய்யட்டும். இளவயதினரின் மனநலத்தைக் கஞ்சா பாதிக்கும் என்பதற்கு மருத்துவச் சான்றுகள் பல உள்ளன. தோட்டப்புறங்களில் போதைப்பொருள் ஊடுருவல் குறித்துப் பெற்றோரும் ஆசிரியரும் கவலையுடன் பேசிவரும் வேளையில், அவர்களது கருத்தும் செவிமடுக்கப்பட வேண்டும்.

மலையக மக்களுக்கோ வேண்டுவது வேறு. 2024 இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதற்காக அவர்கள் நடத்திய போராட்டங்கள் எத்தனை என்பதை நாடறியும். தரிசாகக் கிடக்கும் காணிகளைப் பகிர்ந்தளித்து, அவர்களைச் சிறுதேயிலை உடைமையாளர்களாக்குவது குறித்துப் பல ஆண்டுகளாகப் பேசப்படுகின்றது. மிளகு, கராம்பு, கோப்பி போன்ற பல்லாண்டுப் பயிர்கள் வலப்பனையின் நடுத்தர உயரச் சரிவுகளுக்கு ஏற்றவை. அவை மண்ணையும் காக்கும். ஒரு வார மழையில் மொத்தமாக அழியவும் மாட்டா.

கோப்பி வந்தபோதும், சிங்கோனா வந்தபோதும், தேயிலை வந்தபோதும் எப்பயிரை நடுவது என்று இம்மக்களிடம் எவரும் கேட்கவில்லை. நட்டவர்கள் அவர்கள், முடிவெடுத்தவர்கள் வேறெவரோ. அடுத்த பயிர் எதுவாயினும், அது நடப்படும் காணியில் அவர்களுக்கு உரிமை இருத்தல் வேண்டும். அதனை உறுதி செய்யாமல் புதிய பயிர்களைப் பற்றிப் பேசுவதில் பயன் ஏதுமில்லை என்பதைச் சம்பந்தப்பட்டோர் உணர்வார்களாக.